போனஸை ரகசியமாக வைக்காதீர்கள், லீவைத் திடீரென்று கொடுங்கள்

வேலை பார்க்கிறவர்களுக்கு எதிர்பாராத நேரத்தில் ஒரு நல்லது செய்தால் அவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்பதை முழுசாக நம்புகிறவன் நான். ஆனால் மதுரைக் கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. எது நிச்சயமாக இருக்க வேண்டுமோ அது கடைசி நிமிடம் வரை ரகசியம். எது திடீரென்று வந்தால் மனசு நிறையுமோ அது வருவதே இல்லை.

விளக்குத்தூண், தெற்குமாசி வீதிப் பக்கம் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நான் முன்பு கணக்கு எழுதிய ஒரு கடையில், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கல்லாவை எண்ணி முடித்த பிறகுதான் போனஸ் கவர் கைக்கு வரும். எவ்வளவு என்று அதுவரை யாருக்கும் தெரியாது. "சஸ்பென்ஸா இருந்தாத்தானப்பா சந்தோஷம்" என்பார் முதலாளி. ஊருக்கெல்லாம் புதுத்துணி எடுத்துப் போட்ட பெண், தன் மகளுக்கு ஒரு கவுன் வாங்க அந்த நேரத்தில் எங்கே போவாள்? கவரைப் பிரித்த முகங்களில் நான் சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. கணக்குப் போடும் முகங்களைத்தான் பார்த்தேன்.

போனஸ் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் இல்லை. 20 பேர் வேலை பார்க்கும் இடமென்றால், சட்டம் சொல்லும் சம்பளக் கணக்கில் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தாக வேண்டும். உரிமையாக வர வேண்டியதில் என்ன ஆச்சரியம்?

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது, மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துடிப்பாக வேலை செய்தன. வழக்கமாக வருவதுதான் என்று பழகிய பிறகு, சாறு வந்தபோது அந்தத் துடிப்பு இல்லை. எதிர்பார்த்த சாறு வராமல் போனால் சாதாரண நிலைக்கும் கீழே இறங்கிவிட்டது. தீபாவளிக் கவரின் கதையும் இதுதான். சரியாக வந்தால் பெரிய மகிழ்ச்சி இல்லை, குறைந்தால் ஆறு மாதத்துக்கு மனக்கசப்பு.

அப்புறம் எதுதான் பலிக்கும்? ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகப் பட்டியல் எழுத மாணவர்களைச் சில மணி நேர வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. சொன்ன கூலிக்கு மேல் சிலருக்கு 7 யூரோ பணம், சிலருக்கு அதே விலையில் ஒரு தெர்மாஸ் குடுவை. பணம் வாங்கியவர்களின் வேலையில் பெரிய மாற்றமில்லை. குடுவை வாங்கியவர்கள் ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதே 7 யூரோவை அழகாக மடித்து உருவம் செய்து கொடுத்தபோதும் வேலை நன்றாகவே கூடியது. நமக்காக ஒருத்தர் மெனக்கெட்டிருக்கிறார் என்பதுதான் மனசைத் தொடுகிறது.

அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துவிட்டுக் குடுவை கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே பேசிய கூலி முழுசாகக் கொடுக்கப்பட்டது. இங்கே கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. முதலில் இருக்கை, பிறகு பரிசு.

எனக்குப் பிடித்த பரிசு நேரம்தான். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று மத்தியானம், "போதும்மா, கிளம்புங்க, பிள்ளைகளைத் தல்லாகுளம் கூட்டிட்டுப் போங்க, சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்று ஒரு முதலாளி சொன்னால் அந்த வீட்டில் அவர் பெயர் பல வருஷம் பேசப்படும். ஆனால் சனிக்கிழமைதோறும் ஜிகர்தண்டா என்று வழக்கமாக்கிவிட்டால், நிறுத்துகிற வாரம் வருத்தம்தான் மிஞ்சும்.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, இந்த வருஷம் ஆயுத பூஜை அன்றே போனஸ் தொகையையும் கொடுக்கும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதி தீபாவளிக்குப் பத்து நாளாவது முன்னால் இருக்கட்டும்.