இலவச பிளானுக்குக் கைதட்டிய நண்பர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த "தொழில் வளர்ச்சி" கூட்டத்தின் காணொளித் துண்டு அனைவருடைய வாட்ஸப்பிலும் சுற்றிக்கொண்டிருப்பதால், முழுக்கதையையும் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கட்டட வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன்களும் ஆர்க்கிடெக்டுகளும் நிறைந்திருந்த அரங்கில், முதல் வீட்டு பிளானை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் தூண்டில் என்று பயிற்சியாளர் சொன்னார்; அரங்கம் கைதட்டியது. அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் என்னை அதிகம் வருத்தியது. கைதட்டியவர்களில் என்னோடு ஐடிஐயில் ஒரே மேசையில் டி-ஸ்கொயர் அளவுகோல் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். இலவசத்தின் மகிமையைக் கேட்பதற்கு அவர்கள் நுழைவுக் கட்டணம் கட்டியிருந்தார்கள் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன். பயிற்சியாளர் தம் முதல் வகுப்பைத் தூண்டிலாகப் போடவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வரைபடம்தான் டிராஃப்ட்ஸ்மேன்களான நாங்கள் விற்கும் பொருள். கட்டுமான ஒப்பந்தம் எடுப்பவருக்கு பிளான் என்பது வேலையைப் பிடிக்கும் வழி. அதை இலவசமாகக் கொடுத்தாலும், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது அந்தச் செலவைக் கம்பியிலோ சிமென்டிலோ கூலியிலோ அவர் எடுத்துக்கொள்வார். வரைவதை மட்டுமே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் அதை எதில் எடுப்பார்? பயிற்சியாளர் சொன்ன வழி ஒப்பந்ததாரர்களுக்குப் பொருந்தலாம், மறுக்கவில்லை. ஆனால் அதை டிராஃப்ட்ஸ்மேன்களுக்குச் சொல்வது, விற்க வேறெதுவும் இல்லாதவனிடம் கடையைத் திறந்து போடச் சொல்வது.

பிளான் என்றால் நான்கு கோடுதானே என்று கேட்பவர்கள், ஒரு சிறிய மனைக்கு என்னென்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை உடனிருந்து பார்க்கலாம். பத்திரத்தில் ஓர் அளவு இருக்கும், நில அளவைத் துறையின் புலப்பட நகலில் ஓர் அளவு இருக்கும், நேரில் டேப் பிடித்தால் மூன்றாவதாக ஓர் அளவு வரும். அதன்பின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பார்த்து எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். அதற்குள் வீட்டுக்காரர் மனையடி சாஸ்திரப்படி அறையின் உள்ளளவு வர வேண்டும் என்பார், சமையலறை அக்னி மூலையை விட்டு நகரக்கூடாது என்பார், பில்லர் கூடத்துக்குள் தெரியக்கூடாது என்பார். இவற்றையெல்லாம் ஒரு தாளில் சண்டையில்லாமல் உட்காரவைப்பதுதான் எங்கள் வேலை.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்ததிலிருந்து, பிளானே தேவையில்லை என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம் என்பது உண்மை. அதற்கும் வரைபடத்தைப் பதிவேற்றத்தான் வேண்டும். அது விதிப்படி உள்ளது என்ற உறுதிமொழியை அளிப்பவர் இப்போது வீட்டுக்காரரே. முன்பாவது தவறிருந்தால் அலுவலகத்தில் ஒருவர் சுழித்துத் திருப்பி அனுப்புவார். இப்போது தவறான வரைபடத்தின் சுமை நேராக உரிமையாளர் தலையில் விழுகிறது. இந்த நேரத்தில் வரைபடத்தின் மதிப்பு கூட வேண்டுமா, பூஜ்யமாக வேண்டுமா?

இலவச பிளான் எங்கே போய் முடியும் என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். திருச்சியில் என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். மனை விவரம் கேட்டு வரைந்து, திரையில் காட்டினேன். முன்பணம் பற்றி எதுவும் பேசாமல், பிரமாதம் தம்பி, பிரமாதம் என்றார். தேநீர் சொல்ல வாசல்வரை போய்த் திரும்பியபோது, கைப்பேசியைத் திரைக்கு நேராகப் பிடித்து ஓரங்கள் வெட்டுப்படாமல் படமெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் காட்டத்தான் தம்பி என்றார். அதன்பின் அவர் வரவில்லை. வீடு மட்டும் எழும்பியது. நான் மாடிப்படிக்குப் பத்தரை அடி நீளம் ஒதுக்கி, பத்தடி உயரத்தை 6 அங்குலம் வீதம் 20 படிகளாகப் பிரித்திருந்தேன். அவருடைய தாயாருக்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். கட்டிய மேஸ்திரி கூடத்தைப் பெரிதாக்க அதில் ஒன்றரை அடியை எடுத்துக்கொண்டார். மிஞ்சிய ஒன்பதடியில் 16 படிகள்தான் வந்தன, ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம். பிறகு ஒருநாள் அவரே அழைத்தார். பணம் கொடுக்க அல்ல. உங்கள் பிளான்படிதான் கட்டினோம், அம்மாவால் மாடி ஏற முடியவில்லை, இப்படியா போடுவீர்கள் என்று கேட்பதற்கு. காசு கொடுக்காத பிளானுக்கும் பொறுப்பு மட்டும் என்னுடையது.

இனி வரப்போகும் மறுமொழிகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். உண்மையிலேயே முடியாதவர்களுக்கு நான் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் உள்ள பலரும் பணம் வாங்காமல் வரைந்து கொடுத்திருக்கிறோம். அதை யாரும் காணொளி எடுக்கவில்லை. ஆனால் என்னிடம் பேரம் பேசுபவர்கள் ஏழைகள் அல்லர். வாசல் கதவுக்குத் தேக்குதான் வேண்டும் என்று மர டிப்போ டிப்போவாக அலைகிறவர்கள், அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று யோசித்தவனிடம் வந்து கணக்குப் பார்க்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பிளான் போடுகிறதே என்பார்கள். போடட்டும். புலப்பட நகலோடு டேப் பிடிக்க அதையே அழைத்துச் செல்லுங்கள்.

நீ ஆர்க்கிடெக்டே இல்லையே, உனக்கேன் இந்த ரோஷம் என்று ஒருவர் எழுதுவார். போன முறையும் எழுதினார். ஐயா, நான் அப்படி எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி அந்தப் பெயர் பதிவுபெற்றவர்களுக்கே உரியது. அந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, தொழிலைச் செய்ய மற்றவர்களுக்குத் தடை விதிக்கவில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியும் விட்டது. என் வரைபடத்தில் பதிவுபெற்ற பொறியாளர்தான் கையொப்பமிடுகிறார், அதற்குரிய கட்டணத்தை அவருக்கு நான் கொடுக்கிறேன். ஆர்க்கிடெக்டுகளின் நிலை மட்டும் வாழ்கிறதா? ஐந்தாண்டு படித்துவிட்டு வந்த பெண் ஒருத்தி, மூன்று வகை எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) போட்டுக் கொடுத்தபின், யோசித்துச் சொல்கிறோம்மா என்ற பதிலோடு அனுப்பப்பட்டதை நேரில் பார்த்தவன் நான். அதே எலிவேஷன் பின்னர் வேறொருவருடைய விளம்பரப் பலகையில் இருந்தது.

பணம் மட்டுமே பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். புதுமனை புகுவிழாவில் கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள், ஆசாரிக்குக் கொடுப்பார்கள், எலக்ட்ரீஷியன், பிளம்பர் வரைக்கும் தாம்பூலம் போகும். கொடுக்கத்தான் வேண்டும், அவர்கள் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வரிசையில் வரைந்தவனைக் கூப்பிட்ட வீடுகள் மிகக் குறைவு. பல வீடுகளுக்குப் பத்திரிகைகூட வராது. அந்தத் தெரு வழியாகப் போகும்போது, நான் வைத்த ஜன்னலில் சீரியல் விளக்கு தொங்குவதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். இதை எழுதும்போது சற்றுச் சின்னத்தனமாகத்தான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் கற்றுத்தந்திருக்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. நாங்கள் வரையப் பயன்படுத்தும் ஆட்டோகேட் மென்பொருளுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இலிருந்து புதிதாக நிரந்தர உரிமம் விற்பதில்லை, சந்தாதான். ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர் அதை எப்படிச் சமாளிப்பது, வேறு எந்த மென்பொருளுக்கு மாறலாம் என்று ஒரு வார்த்தை வந்ததா? சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம் என்பதும், பதிவுசெய்த சிறு நிறுவனத்துக்கு ஒப்புக்கொண்ட காலத்துக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்வதும் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கு வேலை தரும் கட்டுமான நிறுவனங்கள் பாக்கி வைக்கும்போது அந்தச் சட்டத்தைத்தானே காட்ட வேண்டும்? வரைபடத்துக்கும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்று யாராவது சொன்னார்களா? ஆர்க்கிடெக்சர் கவுன்சில் வெளியிட்டுள்ள நிபந்தனைகளில், ஒப்பந்தமிடும்போதே ஒரு தொகை, பிறகு வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பங்கு என்று வகுத்திருக்கிறார்கள். அந்த முறையைச் சிறிய வேலைக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்வது பெரிய வித்தை அல்ல. தொழிலுக்கு ஆதரவு என்பது இதுதான். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ரீல்ஸ் போடவும் இலவசம் கொடுக்கவும் சொல்லித் தருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் வைத்திருக்கும் ஒப்பந்தப் படிவம் ஒரு பக்கம்தான். முன்பணம் வந்தபின் முதல் வரைபடம், இரண்டு திருத்தங்கள் கட்டணத்துக்குள், பாக்கி தீர்ந்தபின் பிடிஎஃப், கட்டும்போது மாற்றினால் மாற்றியவர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். மூன்றாவது திருத்தத்துக்குக் கட்டணம் உண்டு என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டுத் தர முடியுமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நேற்றே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.