எதிரி வீட்டுக் கல்யாணம், மொய் எழுதுனது நாங்க

மொதல்லயே சொல்லிடறேன், நான் நைனர்ஸ் ஃபேன், அதாவது சான் ஃப்ரான்சிஸ்கோ 49ers-ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீம். ஃப்ரீமான்ட்ல வீடு, எங்க டீம் ஆடுற லெவைஸ் ஸ்டேடியம் எங்க வீட்டுல இருந்து ட்ராஃபிக் இல்லன்னா இருபது நிமிஷம். அதனால எங்க எதிரி, எல்ஏ டீம் ராம்ஸ் பத்தி நான் நல்லதா ஏதாவது எழுதுறேன்னா அது எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுறேன்னு புரிஞ்சுக்கங்க. நேத்து ஒரு ஃப்ரெண்ட் வீட்டுல டிரேட் பத்திப் பேச்சு வந்து, டெட்ராய்ட் லயன்ஸ் டீம் 2021-ல ஸ்டாஃபோர்ட்ங்கற குவாட்டர்பேக்க ராம்ஸுக்குக் கைமாத்துன டிரேட்ல யாரு ஜெயிச்சா, ராம்ஸா லயன்ஸான்னு ஒரு மணி நேரம் சண்டை. நான் சும்மா வடை சாப்டுக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் மனசு ஆறல, அதான் இங்க கொட்டுறேன்.

2021 ஜனவரி 30, சனிக்கிழமை ராத்திரி. இர்வைன்ல இருக்கிற என் மச்சினன் ஃபோன் பண்றான். இவன் எல்ஏ போய் செட்டில் ஆன நாள்லருந்து ராம்ஸ் ஃபேன். (எங்க மாமியாருக்கு அது ராமர் பேர்ல இருக்கிற டீமுன்னு நெனப்பு, கிடாய்க்குத்தான் இங்கிலீஷ்ல ராம்னு எவ்வளவு சொல்லியும் கேக்கல, ரெண்டு வீட்டு டிவிலயும் ராம்ஸ் ஆடுனா கும்பிட்டுட்டுத்தான் உக்காருவாங்க.) "மாமா, நியூஸ் பாத்தீங்களா, ஸ்டாஃபோர்டை தூக்கிட்டோம்"னான். என்ன குடுத்தீங்கன்னேன். அவங்க குவாட்டர்பேக் ஜாரெட் காஃப், 2021 மூணாவது ரவுண்டு பிக், அப்புறம் 2022, 2023 ரெண்டு வருஷத்து முதல் ரவுண்டு பிக். நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்த பொண்ணு எழுந்து வந்துட்டா.

கிரிக்கெட் மட்டும் பாக்கறவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. இந்த ஆட்டத்துல குவாட்டர்பேக்தான் எல்லாம், பந்து ஒவ்வொரு தடவையும் அவன் கைக்கு வரும், மூணு செகண்டுக்குள்ள யாருக்கு எறியணும்னு முடிவு பண்ணணும், அதுக்குள்ள நூத்தம்பது கிலோ ஆளு ஒருத்தன் அவன் மேல விழ வந்துக்கிட்டிருப்பான். டீம்ல 53 பேர் இருந்தாலும் இவன் சொதப்புனா சீசன் காலி. காலேஜ்லருந்து வர்ற பசங்கள டீமுங்க வருஷா வருஷம் வரிசையா எடுக்கிறது ட்ராஃப்ட், அதுல முதல் ரவுண்டு பிக்ங்கறது நல்ல ஆளா முதல்ல எடுக்கிற உரிமை, வருஷத்துக்கு ஒண்ணுதான். வீட்டுல இருக்கிற நகை மாதிரின்னு வெச்சுக்கங்க, ரொம்ப அவசரம்னாத்தான் அடகுக்குப் போகும். ராம்ஸ் அடகுக்கடை வாசல்லயே குடியிருக்கிற குடும்பம். 2016-ல காஃபை மொத ஆளா எடுத்தாங்க, அதுக்கப்புறம் 2024 வரைக்கும் முதல் ரவுண்டுல ஒருத்தனைக்கூட எடுக்கல, எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டாங்க. அவங்க ஜெனரல் மேனேஜர் லெஸ் ஸ்னீட் பின்னாடி கப்பு ஊர்வலத்துல பிக்ஸை கெட்ட வார்த்தையில திட்டுற டி-ஷர்ட் போட்டுக்கிட்டே வந்தாரு, அவ்வளவு தெனாவெட்டு.

அப்ப என் வாதம் என்னன்னா, ஸ்டாஃபோர்ட் டெட்ராய்ட்ல 12 சீசன் ஆடியிருக்கான், ப்ளேஆஃப்ல மூணு மேட்ச், மூணுலயும் தோல்வி. முதுகு வலி, விரல் அடி, வயசு 33 ஆகப்போவுது. காஃப் என்ன இருந்தாலும் டீமை சூப்பர் பவுல், அதாவது ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவன் (அங்க பேட்ரியாட்ஸ்கிட்ட 13-3ன்னு தோத்தது வேற கதை). அதுலயும் காஃப் எங்க ஏரியா பையன், நோவாட்டோல வளந்தவன், பெர்க்லில படிச்சவன், அதனால எதிரி டீம்ல இருந்தாலும் ஒரு ஓரமா பாசம் உண்டு. கட்டைவிரல் ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம்கூட ஆகாம வந்து சியாட்டில்ல ப்ளேஆஃப் மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தான், அந்த மாசமே அவனைத் தூக்கி வெளிய போட்டாங்க. அவனுக்கு 13.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது இதே ராம்ஸ்தான், அது போட்டு ரெண்டு வருஷம்கூட முடியல. அவனை அனுப்புனதுக்கே 2 கோடி டாலருக்கு மேல சம்பளக் கணக்குல தண்டமா நின்னுச்சு. ரெண்டு முதல் ரவுண்டு பிக்ல பாதி ஸ்டாஃபோர்டுக்கு விலை, மீதி பாதி "தயவுசெஞ்சு இந்த ஒப்பந்தத்தை நீங்க எடுத்துக்கங்க"ன்னு டெட்ராய்ட்டுக்குக் குடுத்த கூலின்னு நான் மச்சினன்கிட்ட சொன்னேன். இப்பவும் அதுதான் என் கருத்து.

அப்பதான் வாய்க்கொழுப்புல ஒரு பந்தயம் கட்டினேன். ஸ்டாஃபோர்ட் ராம்ஸுக்கு கப்பு வாங்கிக் குடுத்தா அவன் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு பொண்ணோட ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸுக்கு வர்றேன்னு. அந்த கிளாஸ் பேரண்ட்ஸ்ல பாதிப் பேர் நைனர்ஸ் வெறியனுங்க, காலைல பத்து மணிக்கே மேட்ச் ஆரம்பிச்சிடும்ங்கறதால வெளிய காருக்குள்ள உக்காந்து ஃபோன்ல பாத்துக்கிட்டு இருக்கிற கூட்டம்.

சரி, நான் சிரிச்சிட்டிருந்த அந்த ரெண்டு மாசத்துல எங்க ஆளுங்க என்ன பண்ணாங்க? இதைத்தான் யாரும் அந்தச் சண்டையில பேசவே மாட்டேங்குறாங்க. எங்க கோச் ஷனஹானுக்கும் ஸ்டாஃபோர்ட் மேல ஆசை இருந்துச்சு, ஆனா ராம்ஸ் கோச் மெக்வே முந்திக்கிட்டாரு. ரெண்டு பேரும் ஒரு காலத்துல வாஷிங்டன்ல ஷனஹானோட அப்பாகிட்ட ஒண்ணா வேலை பாத்தவங்க, ஒரே பள்ளிக்கூடம். நல்லது கை நழுவிப் போச்சு, ஓகே. உடனே மார்ச் 26-ம் தேதி மயாமி டீம்கிட்ட போயி, அந்த வருஷ ட்ராஃப்ட்ல எங்க 12-வது எடம், 2022 முதல் ரவுண்டு, 2023 முதல் ரவுண்டு, கூட ஒரு மூணாவது ரவுண்டு, எல்லாத்தையும் குடுத்துட்டு மூணாவது எடத்துக்கு ஏறுனாங்க. ஏறி யாரை எடுத்தாங்க, ட்ரே லான்ஸ்ங்கற காலேஜ் குவாட்டர்பேக். முந்துன சீசன்ல கொரோனாவால மொத்தமே ஒரே ஒரு மேட்ச் ஆடுன பையன். நல்ல பையன், தங்கமான பையன், அவன் மேல எனக்குக் கோவமே கிடையாது.

கணக்குப் பாருங்க. ராம்ஸ் குடுத்தது ரெண்டு முதல் ரவுண்டு, ஒரு மூணாவது ரவுண்டு, காஃப். நாங்க குடுத்தது மூணு முதல் ரவுண்டு, ஒரு மூணாவது ரவுண்டு, அதுக்குக் கைக்கு வந்தது மூணாவது எடம். கிட்டத்தட்ட ஒரே விலை. அவங்க 12 வருஷம் ஓடுன வண்டிய வாங்குனாங்க, எங்க தட்டும், எங்க இழுக்கும்னு எல்லாம் தெரியும். நாங்க இன்னும் ரோட்டுல இறங்காத வண்டிக்கு அதே காசைக் குடுத்துட்டு, அவங்களைப் பாத்து முட்டாப்பசங்கன்னு சிரிச்சோம். நான் மட்டுமில்ல, ஆஃபீஸ்ல ஒரு ஃப்ளோரே சிரிச்சுது.

சிரிக்கறதுக்குக் காரணமும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். அந்த 2021 நவம்பர் 15, திங்கட்கிழமை ராத்திரி மேட்சுக்கு லெவைஸ்ல நான் இருந்தேன். பார்க்கிங் லாட்ல கார் டிக்கியத் திறந்து வெச்சு, ஃபாயில்ல மடிச்ச மொளகாப்பொடி இட்லி, ஃப்ளாஸ்க்ல காபி, பக்கத்துல ஒரு வெள்ளைக்கார தாத்தா எங்களுக்கு சாஸேஜ் குடுத்து ஒரு இட்லி வாங்கி சாப்ட்டுட்டு காரத்துல கண்ணு கலங்கிட்டாரு. உள்ள போனா ஸ்டாஃபோர்ட் எறிஞ்ச முதல் டிரைவ்லயே (பந்தை வெச்சுக்கிட்டு முன்னேறுற ஒரு சுத்து) எங்க ஜிம்மி வார்ட் புடுங்கிட்டான். எங்காளுங்க அதுக்கு அப்புறம் 93 யார்டு, 18 ப்ளே, பதினோரு நிமிஷம் உருட்டு உருட்டுன்னு உருட்டி டச்டவுன், நம்ம ஊர் கோல் மாதிரி. திரும்ப ஸ்டாஃபோர்ட் எறியறான், திரும்ப வார்ட், இந்தத் தடவ புடுச்சு நேரா ஓடியே போயி டச்டவுன். 31-10. அந்த சீசன்ல ஸ்டாஃபோர்ட் எறிஞ்ச இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி புடுங்குன பந்து, மொத்தம் 17. ஒவ்வொண்ணுக்கும் மச்சினனுக்கு ஒரு வாட்ஸாப் ஸ்டிக்கர் அனுப்பியிருக்கேன். அதே சீசன்ல அவன் 41 டச்டவுனும் எறிஞ்சான், அதுக்கு ஸ்டிக்கர் அனுப்பல.

ப்ளேஆஃபுக்கு முன்னாடி சீசன் கடைசி மேட்ச்ல எல்ஏவுக்கே போயி 17-0ன்னு பின்தங்கி இருந்து ஓவர்டைம்ல 27-24 ஜெயிச்சோம். ராம்ஸோட சோஃபை ஸ்டேடியம் பூரா எங்க செவப்பு சட்டை, போட்ட சத்தத்துல ராம்ஸ் அவங்க சொந்த கிரவுண்டுலயே சைகையில பேச வேண்டியதாப் போச்சு. ராம்ஸை தொடர்ந்து ஆறாவது தடவ அடிச்சோம் அது. அந்த நாள்ல யாராவது என்கிட்ட வந்து ஸ்டாஃபோர்ட் டிரேட் நல்ல டிரேட்னு சொல்லியிருந்தா காபி வாங்கிக் குடுத்து நல்ல டாக்டர் நம்பர் குடுத்திருப்பேன்.

அப்புறம் 2022 ஜனவரி 30. தேதியப் பாருங்க, டிரேட் நியூஸ் வந்து சரியா ஒரு வருஷம். என்எஃப்சி சாம்பியன்ஷிப், அதாவது சூப்பர் பவுலுக்கு முந்துன செமிஃபைனல், அதே சோஃபை, நாலாவது குவாட்டர் ஆரம்பிக்கும்போது நாங்க 17-7. ராம்ஸோட கூப்பர் கப் ஒரு டச்டவுன் போட்டு 17-14 ஆச்சு (பேர்லயே கப்பை வெச்சுக்கிட்டு ஒருத்தன்). அதுக்கு அடுத்து ஸ்டாஃபோர்ட் ஒரு பந்த ஆகாசத்துல தூக்கி எறியறான், கொஞ்சமும் யோசிக்காம, நல்ல ஆளு எறியக்கூடாத பந்து அது. கீழ நம்ம ஜக்விஸ்கி டார்ட் தனியா நிக்கறான். பக்கத்துல யாருமே இல்ல. பந்து அவன் கைக்கு, நெஞ்சுக்கு நேரா வருது. எங்க வீட்டு ஹால்ல எட்டுப் பேர், எட்டுப் பேரும் எழுந்து நின்னாச்சு, என் பொண்டாட்டி கையில இருந்த கேசரித் தட்டோட நிக்கறா. கையில பட்டுச்சு, கீழ விழுந்துச்சு.

யாரும் கத்தல. அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒருத்தன் மட்டும் மெதுவா "ஐயோ"ன்னான், அவ்வளவுதான்.

அதே டிரைவ்ல ராம்ஸ் ஃபீல்டு கோல் (பந்தை உதைச்சு எடுக்கிற மூணு பாயின்ட்) போட்டு 17-17, அப்புறம் இன்னொண்ணு 20-17, கடைசில அவங்க ஆரன் டொனால்ட் எங்க அப்போதைய குவாட்டர்பேக் கரோபலோவ அமுக்க, அவன் விழுந்துக்கிட்டே எறிஞ்ச பந்து எதிராளி கையில. முடிஞ்சுது. டார்ட் பாவம், தன் தப்புதான்னு வெளிப்படையா சொன்னான், அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. ஸ்டாஃபோர்டுக்கும் கரோபலோவுக்கும் அன்னிக்கி இருந்த வித்தியாசம் என்னன்னு நான் பல ராத்திரி யோசிச்சிருக்கேன். ரெண்டு பேரும் மோசமான பந்து எறிஞ்சாங்க. ஒருத்தன் அதுக்கப்புறம் அடுத்த பந்தை ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து எறிஞ்சான். பன்னெண்டு வருஷம் டெட்ராய்ட்ல தோத்துத் தோத்து மரத்துப்போன தோலு அது, அதுக்குத்தான் ராம்ஸ் காசு குடுத்தாங்கன்னு எனக்கு அப்பதான் ஒறைச்சுது. ரெண்டு வாரம் கழிச்சு சூப்பர் பவுல், பின்தங்கி இருந்து கடைசி டிரைவ், 15 ப்ளே, 79 யார்டு, நடுவுல ஒரு பாஸ் ஆளப் பாக்காமயே வேற பக்கம் பாத்துக்கிட்டு கப்புக்கு எறிஞ்சான். அதை நான் நிறைய தடவ ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன், வீட்டுல யாரும் இல்லாத நேரத்துல. 23-20.

மச்சினன் அனுப்புன ஜெர்சி மூணு நாள்ல வந்துடுச்சு. மீடியம் சைஸ். நான் எக்ஸ்எல். வேணும்னே பண்ணியிருக்கான் நாயி. அந்த ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் வாசல்ல தொப்பை தெரிய 9-ம் நம்பர் போட்டுக்கிட்டு நின்னேன். ஒரு அண்ணன் என்னைப் பாத்துட்டு கார் கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு. பொண்ணு "அப்பா நீங்க கார்லயே இருங்க"ன்னுட்டா.

லான்ஸ் கதை உங்களுக்குத் தெரியும். 2022 ரெண்டாவது வாரத்துல கணுக்கால் ஒடைஞ்சு, 2023 ஆகஸ்ட்ல டாலஸுக்கு ஒரு நாலாவது ரவுண்டு பிக்குக்குப் போனான். மூணு முதல் ரவுண்டு குடுத்து எடுத்தது நாலாவது ரவுண்டுக்குப் போச்சு. கடவுள் எங்க மேல இரக்கப்பட்டு 262-வது ஆளா, அதாவது 2022 ட்ராஃப்டோட கடைசி ஆளா, ப்ராக் பர்டிங்கற குவாட்டர்பேக்கக் குடுத்தாரு. இல்லன்னா நான் இந்தப் பதிவு எழுதுற நெலமையிலயே இருந்திருக்க மாட்டேன். சில பேர் பர்டி வந்ததால லான்ஸ் டிரேட் தப்பில்லங்கறாங்க. லாட்டரி அடிச்சா கந்துவட்டி வாங்குனது சரியாயிடுமாய்யா?

டெட்ராய்ட் அந்தப் பிக்ஸை என்ன பண்ணுச்சுன்னு பாத்தா இன்னும் வயிறெரியுது. காஃபை 2016-ல ட்ராஃப்ட் பண்ணப்ப ராம்ஸ்ல இருந்த ப்ராட் ஹோம்ஸ்தான் இப்ப லயன்ஸ் ஜெனரல் மேனேஜர், அதனால அவருக்கு காஃப் கழிச்சுக்கட்டுன சாமான் இல்ல, தெரிஞ்ச புள்ள. வந்த பிக்ஸை அங்கயும் இங்கயும் மாத்தி ஜேமிசன் வில்லியம்ஸ், ஜமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டான்னு மூணு பேரைப் புடிச்சாரு. 2024 ஜனவரில ஸ்டாஃபோர்ட் ராம்ஸோட டெட்ராய்ட் போயி ப்ளேஆஃப் ஆடுனப்ப, அந்த ஊர் ஜனம் அவனைக் கூச்சல் போட்டு விரட்டி, "ஜாரெட் காஃப், ஜாரெட் காஃப்"னு பாட ஆரம்பிச்சுது. 24-23. லயன்ஸுக்கு 32 வருஷத்துல முதல் ப்ளேஆஃப் வெற்றி. எதிரி தோத்ததுக்கு நான் சந்தோஷப்பட்டிருக்கணும், ஆனா கண்ணுல தண்ணி வந்தது காஃபுக்காக.

ஆக ராம்ஸுக்குக் கப்பு, லயன்ஸுக்கு ஒரு புது டீம். ரெண்டு பேரும் ஜெயிச்ச டிரேட்ல யாரோ ஒருத்தன் தோக்கணுமே. அந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிடாம பந்தியில உக்காந்து, சாப்பாடு நல்லால்லன்னு கமென்ட் அடிச்சு, கடைசில அந்த மொய்ப்பணம் அளவுக்கு வேற எங்கயோ போயி எழுதிட்டு வந்த நாங்கதான்.

லயன்ஸ் நடுவுல டெட்ராய்ட்லயே டேம்பா பே டீமையும் அடிச்சுட்டு எங்ககிட்டதான் வந்தாங்க, ஜனவரி 28, லெவைஸ், என்எஃப்சி சாம்பியன்ஷிப். ஹாஃப் டைம்ல 24-7, நாங்க பின்னாடி. மொத டச்டவுன் வில்லியம்ஸ். மூணாவது டச்டவுன் கிப்ஸ். லபோர்ட்டாவ எங்காளுங்க யாராலயும் புடிக்க முடியல. நான் பேச்சு மூச்சில்லாம சோஃபால கிடக்கறேன், ஃபோன் டிங்குங்குது, இர்வைன்லருந்து.

"மாமா, எங்க பிக்ஸ் எப்படி ஆடுது?"

அன்னிக்கி நாங்க 34-31 ஜெயிச்சோம். இருந்தும் அந்த மெசேஜுக்கு இன்னிக்கி வரைக்கும் நான் ரிப்ளை பண்ணல.