முப்பது வருடத்துக்கு ஒரே கையெழுத்து வேண்டாம்

சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கரன்ட் யாரிடமிருந்து வருகிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிப்பார்கள். தண்ணீர் பில், குப்பை பில் எல்லாவற்றோடும் சேர்ந்து நகராட்சியிடமிருந்துதான் வருகிறது. பக்கத்து ஊர்களில் லாபத்துக்கு நடக்கும் தனியார் கம்பெனி கரன்ட் விற்கிறது. இங்கே கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஊருக்குச் சொந்தம். இப்படி உள்ளூர் அமைப்புகளே மின்சாரம் விநியோகிப்பது அமெரிக்காவில் சுமார் 2,000 இடங்களில் இருக்கிறது. ஏழு அமெரிக்கர்களில் ஒருவருக்கு அப்படித்தான் கரன்ட் கிடைக்கிறது. ஒரு ஊர் தன் மின்சாரத்தைத் தானே கையில் வைத்திருப்பது பெரிய விஷயம் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

மின் திட்டமிடல் என்றாலே சோலாரா, காற்றாலையா, அணுவா, எரிவாயுவா என்றுதான் சண்டை போடுகிறோம். அதுவும் வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தத் துறையில் பல வருடம் வேலை பார்த்த பிறகு எனக்கு உறுதியாகப் படுவது வேறு. நகராட்சி மின் துறைகளைக் கவிழ்த்தது பெரும்பாலும் எரிபொருள் அல்ல, ஒப்பந்தத்தின் நீளம். நாளைக்கு நிலைமை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு கணிப்பை நம்பி, முப்பது நாற்பது வருடத்துக்கு ஊரைக் கட்டிப்போட்டு ஒரு கையெழுத்து. அங்கேதான் அடி விழுகிறது.

தெற்கு இல்லினாயில் பிரெய்ரி ஸ்டேட் என்று 1,600 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே அதற்கென்று சொந்தச் சுரங்கம். பீபாடி என்ற நிலக்கரி நிறுவனம் தொடங்கிய திட்டம் இது. 2000களின் நடுவில் இல்லினாய், ஒஹாயோ, கென்டக்கி, மிசௌரி மாநிலங்களின் சின்னச் சின்ன நகராட்சிகள் தங்கள் கூட்டு அமைப்புகள் வழியாக இதில் பங்கு வாங்கின. கரன்ட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியே ஆக வேண்டும் என்ற வகை ஒப்பந்தம். கடன் பத்திரம் விற்றுக் கட்டியதால், கடன் கொடுத்தவர்களுக்கு அந்த உத்தரவாதம் தேவைப்பட்டது. கட்டி முடித்தபோது செலவு ஏறக்குறைய 500 கோடி டாலர். ஆரம்பத்தில் பேசிய தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

கையெழுத்துப் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அன்றைய நிலைமையைப் பாருங்கள். 2008 கோடையில் எரிவாயு விலை பத்து லட்சம் பிடியூவுக்கு (வெப்பத்தை அளக்கும் அலகு) 13 டாலரைத் தொட்டது. மலிவான நிலக்கரி, சொந்தச் சுரங்கம், நாற்பது வருடத்துக்கு நிலையான விலை என்று ஒருவர் வந்து சொன்னால் எந்த மேயருக்கும் ஆசை வரும். அப்புறம் பாறையைப் பிளந்து ஷேல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். பிரெய்ரி ஸ்டேட்டின் முதல் அலகு ஓடத் தொடங்கிய 2012ஆம் ஆண்டிலேயே எரிவாயு 2 டாலருக்கு வந்துவிட்டது. சந்தையில் கரன்ட் மலிந்து கிடந்தது. இல்லினாயின் படேவியா, ஜெனீவா மாதிரி ஊர்களோ ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்தன. 2021இல் மாநிலம் கொண்டுவந்த புதிய சட்டப்படி இந்த நிலையம் 2038க்குள் கார்பன் புகையை 45 சதவீதம் குறைக்க வேண்டும், 2045இல் மூட வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளில் எந்தக் கணக்கிலும் இது இல்லை.

இதற்கு ஒரு தலைமுறை முன்பே வாஷிங்டன் மாநிலத்தில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று நடந்திருக்கிறது. நான் அடிக்கடி எடுத்துப் பேசுவது இதைத்தான். மின் தேவை வருடா வருடம் ஏழு சதவீதம் அளவுக்கு ஏறிக்கொண்டே போகும் என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். அந்த வேகத்தில் போனால் பத்து வருடத்தில் தேவை இரட்டிப்பாகும். உள்ளூர் மின் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று ஐந்து அணு உலைகள் கட்டக் கிளம்பியது. நான்காவது, ஐந்தாவது உலைகளுக்கு மட்டும் 88 அமைப்புகள் கையெழுத்திட்டன. 1976இல் சியாட்டில் நகரத்துக்கும் அழைப்பு வந்தது, உங்களுக்கும் ஒரு பங்கு தருகிறோம் என்று.

சியாட்டில் உடனே கையெழுத்துப் போடவில்லை. 1990 வரைக்கும் ஊருக்கு எவ்வளவு கரன்ட் உண்மையில் வேண்டும் என்று தனியாக ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதை மேற்பார்க்க ஊர் மக்கள் இருந்த ஒரு குழுவும் போட்டார்கள். விலை ஏறினால் மக்கள் குறைவாகத்தான் உபயோகிப்பார்கள், வீட்டுக் கூரையிலும் சுவரிலும் வெப்பத் தடுப்பு போட்டால் புதிய உலை கட்டுவதைவிட மலிவு என்று அந்த ஆய்வு சொன்னது. கவுன்சில் கூட்டங்களில் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு மின் சிக்கனத் திட்டங்களில் இறங்கினார்கள். மற்றவர்களுக்கு நடந்தது வேறு. தேவை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது. நான்கும் ஐந்தும் பாதியில் நின்றன. 1983இல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்களைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். அமெரிக்க நகராட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் நடந்ததில்லை. ஐந்தில் முழுதாகக் கட்டி முடித்து ஓடியது ஒன்றே ஒன்று.

அணு உலை கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கணிப்பை விற்பவனிடமே கணிப்பை வாங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சியாட்டில் தன் கணக்கைத் தானே போட்டது, ஊர் மக்கள் முன்னால் வைத்துப் போட்டது.

பசுமை மின்சாரத்துக்கும் இதே விதிதான். டெக்சாஸில் ஜார்ஜ்டவுன் என்ற ஊர் முழுக்க முழுக்கக் காற்றாலை, சோலார் மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டு உலகப் புகழ் அடைந்தது. அதன் அப்போதைய மேயர் டேல் ராஸ் குடியரசுக் கட்சிக்காரர் என்பதால் பத்திரிகைகளுக்கு இன்னும் சுவாரசியம். ஊர் வளரும் என்று நம்பித் தேவைக்கு மேலேயே வாங்கிவைத்தார்கள், இருபது இருபத்தைந்து வருடக் கணக்கில். மிஞ்சியதைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். சந்தை விலை விழுந்தது. 2018இல் சுமார் 68 லட்சம் டாலர் நஷ்டம். எனக்குக் காற்றாலையும் சோலாரும் பிடிக்கும், அவைதான் வரப்போகின்றன என்றும் நம்புகிறேன். ஆனாலும் சோலார் மின்சாரத்தின் விலை 2010க்குப் பின் பத்து வருடத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இறங்கியதே, அப்படி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை இன்றைய விலையில் மொத்தமாக வாங்கிக் குவிப்பானேன்?

சரி, அப்படியானால் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் தினம் தினம் சந்தையில் வாங்கலாமா? அதுவும் ஆபத்து. 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்த பனிப்புயலின்போது அங்கே மொத்த விலை ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாள்கணக்கில் நின்றது. டென்டன் நகரத்தின் மின் துறை ஒரு சில நாட்களில் 20 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தது. ஊர் மக்கள்தானே அதைப் பல வருடம் கட்ட வேண்டும்.

ஆக, ஒப்பந்தம் வேண்டும், ஆனால் அது ஒரே மூட்டையாக இருக்கக் கூடாது. தேவையில் ஒரு பங்குக்கு ஐந்து வருடம், ஒரு பங்குக்குப் பத்து, கொஞ்சத்துக்கு மட்டும் இருபது என்று பிரித்து, வேறு வேறு வருடங்களில் முடியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று முடியும். அப்போது இருக்கும் விலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வெளியேற ஒரு வழியும், வெளியேறினால் என்ன செலவு என்ற கணக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 2019இல் தன்னிடம் கரன்ட் வாங்கும் ஊர்களுக்கு ஓர் ஒப்பந்தம் நீட்டியது. வெளியேற வேண்டுமானால் இருபது வருடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஊர்கள் கையெழுத்திட்டன. அந்த ஆணையத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளரான மெம்ஃபிஸ் தன் பழைய ஐந்து வருட முன்னறிவிப்பையே வைத்துக்கொண்டது. மெம்ஃபிஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

எந்த எதிர்காலம் வந்தாலும் வீணாகாத வேலைகள் சில உண்டு. அவை தெருவில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஐந்தாறு வீடுகளுக்குக் கரன்ட் கொடுக்கும். பகலெல்லாம் சுமை தாங்கிவிட்டு இரவில் ஆறிக்கொள்ளும் என்பதை வைத்துத்தான் அதன் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். இப்போது அதே தெருவில் இரண்டு மூன்று மின்சார கார்கள் வந்து, எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாகச் சார்ஜ் போட ஆரம்பித்தால்? ஒரு சார்ஜர் 7 கிலோவாட் இழுக்கும், பெரிய வீட்டு ஏசியைவிட அதிகம். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆற நேரமே கிடைக்காது. எந்தத் தெருவில் எத்தனை கார் இருக்கிறது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய கடன் எதுவும் வேண்டாம். மீட்டரில் வரும் தகவலை உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். சில வருடங்களாகப் புதிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுத்தால் வந்து சேரப் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது. அதனால் வெடித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது.

விலையை நேரத்துக்கு ஏற்றபடி வைப்பதும் அப்படித்தான். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் 2018 அக்டோபரில் எல்லா வீடுகளுக்கும் நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் மாலை ஐந்து முதல் எட்டு வரை விலை அதிகம். மக்கள் துணி துவைப்பதையும் கார் சார்ஜ் செய்வதையும் தள்ளிவைத்தால் ஊருக்குப் புதிதாக ஒரு மின் நிலையத்தில் பங்கு வாங்கும் செலவு மிச்சம். டென்னசியின் சாட்டனூகா வேறு மாதிரி தொடங்கியது. 2009இல் மத்திய அரசு கொடுத்த 11 கோடி டாலர் மானியத்தோடு ஊர் முழுக்க ஃபைபர் இழுத்து, தானாக இயங்கும் சுவிட்சுகளைக் கம்பங்களில் வைத்தார்கள். மரம் விழுந்தால் அந்தத் துண்டு மட்டும் தனியாகக் கழன்றுகொள்ளும், மற்ற தெருக்களுக்குக் கரன்ட் திரும்பிவிடும். கரன்ட் காற்றிலிருந்து வந்தாலும் அணுவிலிருந்து வந்தாலும் அந்தச் சுவிட்ச் வேலை செய்யும்.

இப்போது எல்லா ஊர் வாசலிலும் டேட்டா சென்டர்கள் வந்து நிற்கின்றன. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா நகராட்சி விற்கும் கரன்ட்டில் பாதிக்கும் மேல் அவற்றுக்குத்தான் போகிறது. ஊருக்கு வருமானம், அதை மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து இருபது வருடமாகப் பெரிய மாற்றம் இல்லாமல் கிடந்த தேவை திடீரென்று ஏறும் என்று மறுபடியும் எல்லாரும் ஒரே குரலில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு 1970களின் வாஷிங்டன் நினைவுக்கு வருகிறது. ஏறலாம். ஏறாமல் அந்தக் கம்பெனி வேறு மாநிலத்துக்கும் போகலாம். அவர்களுக்கென்று கட்டும் சப்ஸ்டேஷனுக்கும் வாங்கும் மின்சாரத்துக்கும் அவர்களே முன்பணம் கட்ட வேண்டும், பாதியில் போனால் மீதியையும் கட்ட வேண்டும். இது எழுத்தில் இல்லாமல் அனுமதி கொடுக்கும் கவுன்சில் தன் மக்களுக்குத் துரோகம் செய்கிறது என்றே சொல்வேன்.

அரசின் கொள்கையையும் நம்பி உட்கார முடியாது. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் முதன்முறையாக நகராட்சிகளும் சோலார், பேட்டரிக்கான 30 சதவீத வரிச் சலுகையை நேரடியாகப் பணமாக வாங்கிக்கொள்ள வழி செய்தது. மூன்றே வருடத்தில், 2025 ஜூலையில் வந்த சட்டம் சோலாருக்கும் காற்றாலைக்கும் அந்த வாசலை மூடத் தொடங்கிவிட்டது. மூன்று வருடத்தில் சட்டமே தலைகீழாகும் நாட்டில் முப்பது வருடக் கணக்கை எப்படி நம்புவது?

இந்தியாவில் இப்படி நகராட்சி கரன்ட் விற்பது அபூர்வம். கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி இன்றும் தானே விநியோகிக்கிறது. மும்பையின் தென்பகுதிக்கு மாநகராட்சியின் பெஸ்ட் கொடுக்கிறது. மற்றபடி பெரும்பாலும் மாநில நிறுவனங்களோ தனியார் கம்பெனிகளோதான். நீண்ட கால மின் கொள்முதல் ஒப்பந்தங்களின் சுமை என்ன என்று தமிழ்நாட்டு மின்வாரியத்தின் கதையைக் கவனித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நேப்பர்வில்லுக்கு மொத்தமாகக் கரன்ட் வாங்கிக் கொடுப்பது இல்லினாய் நகராட்சிகளின் கூட்டு முகமை. பிரெய்ரி ஸ்டேட்டில் அதற்கும் பங்கு உண்டு. உறுப்பினர் ஊர்களோடு அதன் ஒப்பந்தம் 2035இல் முடிகிறது. அதைப் பத்து வருடம் முன்னதாகவே 2055 வரை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டது. புதிதாக எதில் முதலீடு செய்வதென்றாலும் கடன் கொடுப்பவனுக்கு நிச்சயம் வேண்டும் என்பது முகமையின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நேப்பர்வில்லிலும் செயின்ட் சார்லஸிலும் வின்னெட்காவிலும் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. இன்று எல்கேஜி போகும் குழந்தைக்கு 2055இல் முப்பத்தைந்து வயது நெருங்கியிருக்கும்.

இந்த மாதிரி ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் பள்ளிக்கூடப் போர்டு கூட்டத்துக்குத் தவறாமல் போகிறோம். மின் துறை நிகழ்ச்சி நிரலில் வரும் நாளிலும் ஒருமுறை போய் உட்காருங்கள். பேச மூன்று நிமிடம் கொடுப்பார்கள். தேவை இவ்வளவு ஏறும் என்று யார் கணக்குப் போட்டது, அந்தக் கணக்கு தப்பினால் வருடத்துக்கு எவ்வளவு இழப்பு, இடையில் வெளியேற என்ன செலவு என்று கேளுங்கள். பதில் கைவசம் இல்லை என்று அதிகாரி சொன்னால், பதில் வரும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும்படி உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.