சன்னலை மூடி வைத்தால் ஈரம் போகாது

மலேசியாவின் கேமரன் மலையில் மழையும் குளிரும் சேரும் மாதங்களில் சன்னலை முழுக்க மூடியே வைத்தால் சூடும் நிற்கும், ஈரமும் உள்ளே வராது என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார், நிறைய பேர் பகிர்ந்தும் விட்டார்கள்.

சூடு நிற்பது சரி. ஈரம் விஷயம் அப்படி இல்லை அண்ணே. இந்த மலையின் ரிங்லெட் ஊர்ப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் கூரை ஒழுகாவிட்டாலும் சுவரில் பூஞ்சை பிடிக்கிறதே, சோறு வடிப்பது, சுடுநீர்க் குளியல், உள்ளே காயப்போடும் துணி, நம் மூச்சு என்று வீட்டுக்குள்ளேயே கிளம்பும் நீராவி வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிவதால்தான் அது பிடிக்கிறது. வெளியே பனிமூட்டமாக இருந்தாலும் 15 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 75 விழுக்காட்டுக்கு இறங்கும். அதனால் சன்னலைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரம்தான் குறையும்.

நம்பவேண்டாம், நீங்களே பாருங்கள். மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கி, சமைத்த பிறகு மூடிய அறையில் ஒரு தடவை, எதிரெதிர் சன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து மூடி அறை பழைய சூட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். கருவி இல்லையா? காலையில் சன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கே வழியும் தண்ணீர் மழைத் தண்ணீர் இல்லை.