பட்ஜிக்கு ஒரு பொம்மை வாங்குவதற்குள்

பட்ஜி என்கிற குட்டிக் கிளிக்கென்று பொம்மை செய்கிறவர்கள் ஒரு பட்ஜியையாவது கண்ணால் பார்த்திருப்பார்களா? மொத்த உடம்பே 30, 40 கிராம்தான். அதற்குப் போய், வாய் பிளந்த உருண்டைச் சலங்கை! அந்தப் பிளவில் கால்விரல் மாட்டினால் அவ்வளவுதான். பளபளவென்று முலாம் வேறு. அதில் துத்தநாகம் இருந்தால் கொத்திக் கொத்தியே விஷம் ஏறும். எதில் செய்தது என்று அட்டையில் ஒரு வரி கிடையாது, 'பறவைகளுக்குப் பாதுகாப்பானது' என்பது மட்டும் கொட்டை எழுத்தில். பருத்திக் கயிறு சீக்கிரமே பிரிந்து நூல் நூலாகத் தொங்கும். விழுங்கினால் தீனிப்பை அடைத்துக்கொள்ளும். சரி, இத்தனையும் பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டினால், துரை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மை படாத வெள்ளைத் தாளைக் கிழித்துக் கூண்டுக் கம்பியில் செருகினால் மட்டும் பொழுதெல்லாம் அதிலேயே தொங்குகிறார்.