எல்லாம் ஆட்டோமேட்டிக்காக ஓடினால் கை எப்போது பழகும்?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்போது கோ-பைலட். போன வாரம் காசிமேட்டில் ஒரு கல்யாண வரவேற்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "ஆட்டோபைலட்டை எடுத்துட்டு நீயே கையால இறக்குவியாடா?" என்று கேட்டேன். "ஆசைதான் மாமா. வானம் தெளிவா இருந்தா சில கேப்டனுங்க விடுவாங்க. ஆனா முடிஞ்ச வரைக்கும் ஆட்டோவுலயே ஓட்டணும்னுதான் கம்பெனி ரூல்" என்றான். அன்றிலிருந்து மனசு இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

விமானத்தைச் செய்கிறவர்கள் வசதிகளைக் கொடுப்பார்கள். அதில் எதைத் தொடலாம், எப்போது தொடலாம் என்று எழுதிவைப்பது பெரும்பாலும் விமான கம்பெனிதான். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான கம்பெனி பல வருடங்கள் தன் போயிங் 737களில், என்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலைப் பயன்படுத்தவே இல்லை. பழைய விமானங்களில் அது கிடையாது. எதில் ஏறினாலும் பைலட் ஒரே மாதிரி ஓட்டவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. புது விமானத்தின் டிஜிட்டல் திரையில்கூட பழைய வட்ட டயல்களையே வரவைத்தார்கள்.

தென்கொரியாவின் ஏசியானா விமான கம்பெனி இதற்கு நேர் எதிர். ஆட்டோமேஷனை முழுக்கப் பயன்படுத்து என்பது அப்போது அவர்கள் கொள்கை. 2013 ஜூலை 6, சான்பிரான்சிஸ்கோ. நல்ல வெயில், தெளிவான வானம். வேகத்தை ஆட்டோத்ராட்டில் பார்த்துக்கொள்ளும் என்று பைலட்டுகள் நம்பினார்கள். அது ஹோல்ட் மோடில், வேகத்தைக் கவனிக்காமல் சும்மா நின்றது. அந்த போயிங் 777 ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல் சுவரில் மோதியது, மூன்று பேர் இறந்தார்கள். கையால் ஓட்டும் பழக்கத்தை ஊக்கப்படுத்துங்கள் என்று அமெரிக்க விமானத்துறை எல்லா கம்பெனிகளுக்கும் அந்த வருடம் ஜனவரியிலேயே எழுதியிருந்தது. நமக்கும் இது புதிதில்லை. 1990இல் பெங்களூரில் ஏர்பஸ் ஏ320 ஒன்று, என்ஜின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், கிடக்கும் மோடிலேயே இறங்கி விழுந்ததில் 92 பேர் போனார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், மணலிப் பக்கம் ஒரு ஆலையில் பாய்லர் கன்ட்ரோல் ரூமில் இருபது வருடம் உட்கார்ந்தவன் நான். அளவைப் பார்த்து வால்வைத் தானே திருப்பும் கன்ட்ரோலை லூப் என்போம்; எத்தனை லூப் ஆட்டோவில் இருக்கிறது என்று தினமும் காலை மீட்டிங்கில் சதவீதம் கேட்பார்கள். மேனுவலுக்கு எடுத்தவன் பதில் சொல்லியாகவேண்டும். அதனாலேயே யாரும் எடுக்கமாட்டோம்.

ஒரு நைட் ஷிப்டில் டிரம் லெவல், அதாவது பாய்லர் டிரம்மில் இருக்கும் தண்ணீர் மட்டம், திரையில் ஐம்பது சதவீதம் என்று நின்றது. பக்கத்தில் புதுப் பையன். எங்கள் சீனியர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்தார். "கோடு ஆடவே இல்லடா" என்றார். உண்மையான லெவல் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். பாய்லர் பக்கம் இருந்தவருக்குப் போன் போட்டு, தண்ணீர் மட்டத்தை நேராகக் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது! லெவலை அளக்கும் கருவிக்குப் போகும் சின்னக் குழாயான இம்பல்ஸ் லைனில் அடைப்பு. அவர் லூப்பை மேனுவலுக்கு எடுத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து லெவலை ஏற்றினார். அந்தப் பையனின் கை மவுஸ் மேலேயே உறைந்துபோயிருந்தது. அவனைக் குறை சொல்ல முடியுமா? சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளாவது மேனுவலில் ஓட்ட விட்டிருந்தால்தானே?

ஆட்டோமேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. 29,000 அடிக்கு மேலே மேலுக்கும் கீழுக்கும் ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் போகிற இடத்தில் உயரத்தை மெஷின்தான் பிடிக்கவேண்டும். போகிப் புகையிலும் பனிமூட்டத்திலும் அதன் உதவி தேவை.

ஆனால் தெளிவான பகலில், கூட்டமில்லாத வானத்தில், கடைசிப் பத்தாயிரம் அடியைக் கையால் ஓட்டலாம் என்று கம்பெனி தன் விதியிலேயே எழுதட்டும். கேப்டனின் தயவுக்கு விடவேண்டாம். ஓட்டியவனை, விமானத்தில் பதிவான டேட்டாவில் ஒரு கோடு கொஞ்சம் வளைந்தது என்று ஆபீசுக்குக் கூப்பிட்டு நிற்கவைக்கவும் வேண்டாம். எங்கள் ஆலையில் அந்த ராத்திரிக்குப் பிறகு, சீனியர் பக்கத்தில் இருக்க, வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் மேனுவலில் ஓட்டினோம். அந்தப் பையனுக்குத்தான் முதல் முறை கொடுத்தார்கள்.