தேதி மாறவில்லை, வழுவின் தரம் மாறியது

காலாண்டு முடிய நான்கு நாள் இருந்தபோது நடந்த ஒரு கூட்டம், ஆண்டுகள் பல கடந்தும் என் நினைவை விட்டு அகலவில்லை. அப்போது நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைக் குழுவில் இருந்தேன். ஒரே கணக்கை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், முதலில் சேமித்தவரின் மாற்றம் எந்த எச்சரிக்கையும் இன்றி அழிந்துவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, 'மிகக் கடுமையானது' என்று பதிந்திருந்தோம். அத்தகைய வழு ஒன்று தீராமல் இருக்கும்வரை வெளியீடு கூடாது என்பது எழுதி வைக்கப்பட்ட விதி. கூட்டம் முடிந்தபோது வழு அப்படியே இருந்தது. அதன் தரம் மட்டும் 'நடுத்தரம்' என்று மாற்றப்பட்டிருந்தது. குறித்த நாளில் மென்பொருள் வெளியானது.

அந்த அறையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. விற்பனைத் தலைவரின் ஊக்கத்தொகை அந்தக் காலாண்டின் வருவாயைப் பொறுத்திருந்தது. வெளியீட்டைப் பெற்றுக்கொண்ட பிறகுதான் வாடிக்கையாளர் பணம் தருவார் என்று ஒப்பந்தம் சொன்னது. திட்ட மேலாளரின் ஆண்டு மதிப்பீட்டில் 'குறித்த நாளில் முடித்தாரா' என்ற கேள்வி இருந்தது, 'ஆறு மாதம் கழித்தும் தரவு பத்திரமாக இருக்கிறதா' என்ற கேள்வி இல்லை. ஐந்து மாதம் கழித்து வாடிக்கையாளரின் அலுவலகத்தில் பதிவுகள் காணாமல் போகத் தொடங்கியபோது, அவற்றை, நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளிலிருந்து ஒவ்வொன்றாக மீட்க இரவுகளில் விழித்திருந்தவர்கள் நாங்களும் அங்கிருந்த எழுத்தர்களும். வழுவின் தரத்தை மாற்றிய மேலாளர் அதற்குள் பதவி உயர்வு பெற்று வேறு பிரிவுக்குச் சென்றிருந்தார்.

மென்பொருளின் தரம் என்றாலே நிரலாளரின் திறமையையும் சோதனைக் கருவிகளையும் பற்றித்தான் பேசுகிறோம். அவை முக்கியமே. ஆனால் தாமதத்தின் செலவை யார் சுமக்கிறார், பழுதின் செலவை யார் சுமக்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு ஆட்கள் விடையாக இருக்கும் இடத்தில், எத்தனை திறமையானவர்கள் உட்கார்ந்து எழுதினாலும் தரம் தோற்கும் என்பதே நான் கண்டது. தேதி நாட்காட்டியில் தெரியும், வசதிகளின் பட்டியலை எண்ணிப் பார்க்கலாம், செலவு கணக்கில் வரும். தரம் ஒன்றுதான் வெளியீட்டு நாளில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிய நெருக்கடி வரும்போது அதைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள். 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இதற்கும் பொருந்தும்: வாங்குபவரால் நல்லதையும் பழுதானதையும் பிரித்தறிய முடியாவிட்டால், நல்லதற்கு உரிய விலை கிடைக்காது; நாளடைவில் நல்லது சந்தையை விட்டே விலகும்.

இதன் மிகக் கொடிய வடிவத்தை போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் உலகம் பார்த்தது. 2010 டிசம்பரில் போயிங்கின் போட்டி நிறுவனமான ஏர்பஸ் தன் ஏ320நியோ விமானத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு, போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைப் பெருமளவில் வாங்க முன்வந்தது. புதிய விமானம் வடிவமைக்க நேரமில்லை என்ற நிலையில், பழைய 737-லேயே பெரிய எஞ்சின்களைப் பொருத்த போயிங் முடிவு செய்தது. அதனால் பறக்கும் தன்மையில் வந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட, விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்கேஸ் என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. மேக்ஸை ஓட்ட விமானிகளுக்குத் தனியாக சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால், விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் விலை குறைப்பதாக சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கு போயிங் வாக்களித்திருந்தது. இந்த ஒரு வரியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. இப்படியொரு மென்பொருள் இருக்கிறது, அது பிழைத்தால் இன்னது செய்ய வேண்டும் என்று விமானிக்குக் கற்றுக்கொடுப்பதே நட்டமாக ஆகும்படி அந்த ஒப்பந்தம் அமைந்திருந்தது. விமானத்தில், எதிர்வரும் காற்றோடு அது கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், எம்கேஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள்.

இதைச் சொல்வதால் தேதி குறிப்பதே தவறு என்று வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2004 அக்டோபரிலிருந்து உபுண்டு என்ற கணினி இயங்குதளம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. அங்கே தேதி உறுதியானது, உள்ளடக்கம் நெகிழக்கூடியது. தயாராகாத வசதி அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கும். நீண்டகால ஆதரவு தர வேண்டிய முதல் பதிப்பு 2006 ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். மெருகேற்ற அவகாசம் தேவை என்று ஜூனுக்குத் தள்ளினார்கள், அதனால்தான் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் அதன் எண் 6.06. அடுத்த வெளியீடு பக்கத்தில் இருந்தால், அரைகுறை வேலையை உள்ளே திணிக்கும் அவசரம் எவருக்கும் எழாது. தேதி, வசதிகளின் பட்டியல், ஆள்பலம் மூன்றையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பூட்டிவிடுவதுதான் ஆபத்து.

அடிக்கடி வெளியிட முடிவதிலும் ஒரு தீங்கு உண்டு. 1982-இல் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடக் கூடாது என்று அட்டாரி நிறுவனம் ஈ.டி. வீடியோ விளையாட்டைச் சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடிக்கச் செய்தது. விளையாட்டைப் பதிந்து விற்ற கார்ட்ரிட்ஜில் போன பிழையைப் பிறகு திருத்த வழியே இல்லை. இன்று இணையம் வழியாகத் திருத்தம் அனுப்பலாம் என்பதால், செய்பவருக்குப் பிழையின் விலை குறைந்துவிட்டது. பயன்படுத்துபவர் இழக்கும் நேரமும் தரவும் குறையவில்லை.

ஊக்கம் மாறினால் நடத்தையும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. 2001-இல் கோட் ரெட், நிம்டா ஆகிய, கணினிக்குக் கணினி தானாகத் தொற்றும் தீநிரல்களான புழுக்கள் பரவி, வாடிக்கையாளர்களின் நம்பிக்கை ஆட்டம் கண்ட பிறகு, 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், புதிய வசதியா பாதுகாப்பா என்ற தேர்வு வரும்போது பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அதையடுத்து விண்டோஸ் உருவாக்கப் பணியையே நிறுத்தி வைத்துப் பொறியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தார்கள். நிரலாளர்கள் அதே ஆட்கள்தான்; அவர்களிடம் கேட்கப்பட்டது மாறியது.

எனவேதான் 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த புதிய பொருள் பொறுப்பு நெறிமுறையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 'உள்ளது உள்ளபடி தருகிறோம், எதற்கும் பொறுப்பில்லை' என்ற உரிம வாசகத்தின் பின்னால் நின்ற தொழில் இது. இனி அங்கே மென்பொருளும் ஒரு பொருளாகக் கருதப்படும், அதன் பழுதால் விளையும் சேதத்துக்கு தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டும். வணிக நோக்கமின்றி உருவாகும் கட்டற்ற மென்பொருளுக்கு விலக்கு அளித்திருப்பதும் நியாயமே.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது நான் பணிபுரியும் குழுவில் இரண்டு விதிகளை ஏற்கவைத்தோம். வழுவின் தரத்தை, அதைப் பதிந்தவரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் குறைக்க முடியாது. குறைப்பவர் தன் பெயரையும் காரணத்தையும் வாடிக்கையாளர் படிக்கும் இடத்தில் எழுத வேண்டும். இரண்டாவது விதி: கடைசித் தவணைப் பணம், வெளியீட்டுக்குப் பிறகு மூன்று மாதம் கழித்தே வரும். இந்த விதிகளால் முதன்முறையாக ஒரு வெளியீடு ஒன்பது நாள் தள்ளிப்போனது. வாடிக்கையாளர் கோபப்பட்டார், காரணத்தை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தோம், படித்துவிட்டு, அடுத்த ஒப்பந்தத்திலும் அந்த விதிகளைச் சேர்க்கச் சொன்னார்.